கயாக் பழக முதல் நாள்: பொல்கொடையா, பெந்தோட்டையா, கல்கிசைக் கடலா, பாசிக்குடாவா?

"கொழும்பில் இருக்கிறோம், கடலில் கயாக் ஓட்டப் பழக ஆசை, எங்கே போவது?" கயாக் என்பது துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு. இந்தக் கேள்விக்கு மாதம் தெரியாமல் பதில் சொல்ல முடியாது. ஜனவரியில் நல்ல யோசனையாக இருப்பது ஜூலையில் ஆளைக் கொல்லும். ஊரைத் தெரிவு செய்வதற்கு முன் இன்னொன்றும் தெரிய வேண்டும்: அங்கே நடப்பது பயிற்சியா, மணித்தியாலக் கணக்கில் படகை வாடகைக்குக் கொடுத்துவிட்டு அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்திருக்கிறார்களா? இரண்டுக்கும் விளம்பரம் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

கொழும்பிலிருந்து போய்வரக்கூடிய நாலு வழிகளை இங்கே எடை போடுகிறோம். அதற்கு முன் எடைக்கற்கள்.

## எதை வைத்து அளப்பது

காற்று. புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர் அமைதியான நீரில் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீற்றர் போவார். எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீற்றரைத் தொட்டால் அதில் பாதி மிஞ்சுவதே கஷ்டம். அரை மணித்தியாலத்தில் தோள் கழன்றுவிடும். வேகத்தைவிடத் திசைதான் முக்கியம். கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று உங்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். அலை எழுப்பிப் பயமுறுத்தினாலும் அது நண்பன். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று தண்ணீரைக் கண்ணாடி மாதிரி வைத்துக்கொண்டே ஆளை வெளியே இழுக்கும்.

அலையும் கரையும். நம் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. தண்ணீரின் சூடு ஏறக்குறைய 27 முதல் 30 பாகை. வெளிநாட்டு வீடியோக்களில் அரை மணித்தியாலம் பேசப்படும் வற்றுப்பெருக்கு அட்டவணையும் குளிர்நீர் உடையும் இங்கே பெரிய விடயங்கள் அல்ல. இங்கே தொல்லை கொடுப்பவை வெயிலும், தெற்குச் சமுத்திரத்திலிருந்து காற்றே இல்லாத நாளிலும் வந்துகொண்டிருக்கும் நீண்ட அலையும்தான்.

கவிழ்த்துப் பழக்குவது. முதல் நாளில் குறைந்தது இரண்டு முறை வேண்டுமென்றே விழுந்து, வெளியே வந்து, மற்றவர் உதவியோடு திரும்ப ஏறியிருக்க வேண்டும். அது இல்லாத வகுப்பு உலாதான்.

கட்டளையின் மொழி. பலரும் இதை யோசிப்பதில்லை. அலை வரும்போது "இடப்பக்கம் சாய், துடுப்பை விடாதே" என்ற சத்தம் ஒரு விநாடியில் மண்டைக்குள் இறங்க வேண்டும். அங்கே மொழிபெயர்க்க நேரம் கிடைக்காது.

நேரமும் மறைசெலவும். பயிற்சிக் கட்டணம் மட்டுமே செலவு அல்ல. போக்குவரத்து, தங்குமிடம், எடுக்கும் லீவு, காலநிலையால் நின்றுபோனால் பணம் திரும்புமா என்பது எல்லாம் சேர்ந்துதான் விலை.

## 1. பொல்கொடை ஏரி: அரை நாள்

வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதுதான் வாசல்படி. 120ஆம் இலக்க பஸ்ஸில் பிலியந்தலை வரை போய், அங்கிருந்து ஓட்டோ பிடித்தால் போதும். காலை 6.30க்குத் தண்ணீரில் இறங்கி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

இங்கே நீர் தட்டை. ஏரி பாணந்துறையில் கடலோடு சேர்ந்தாலும் உள்ளே கடல் அலை வருவதில்லை. கயாக்கில் முதல் ஒரு மணித்தியாலத்தில் பழகவேண்டிய எல்லாவற்றுக்கும் தட்டைநீர்தான் தேவை: கையால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பித் துடுப்புப் போடுவது, அகல வீசிப் படகைத் திருப்புவது, நிறுத்துவது, பின்னால் போவது. புதியவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் துடுப்பை உயிர் போகிற மாதிரி இறுக்கிப் பிடிக்கிறார்கள். அரை மணித்தியாலத்தில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கொப்புளம். மேல்கை விரல்களைத் திறந்து, உள்ளங்கையால் மட்டும் தள்ளச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். அலை அடிக்கும் இடத்தில் இதையெல்லாம் பழகினால் கவனம் முழுக்க விழாமல் இருப்பதிலேயே போகும்.

மறைசெலவு பணத்தில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. பெருமழைக்குப் பிறகு சுற்றுப்புற வடிகால் எல்லாம் ஏரிக்குத்தான். காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. ஆகாயத்தாமரை அடர்ந்த மூலைகளில் துடுப்பு சிக்கும். வார இறுதியில் வேகப்படகுகள் ஓடும். அவை கிளப்பும் அலை பக்கவாட்டில் வந்தால் கவிழ்க்கும், படகின் மூக்கை அதன் பக்கம் திருப்பிக்கொண்டால் தாண்டிப் போய்விடும். முதலைகளும் இந்த ஏரியில் இருக்கின்றன. கரையோரப் புதர்களை ஒட்டிப் போகாமல், இருட்டும் நேரத்தில் இறங்காமல், கவிழ்த்துப் பழகும் இடத்தை ஆசிரியரே தெரிவு செய்ய விட்டால் போதும்.

ஒரு குறை: இங்கே எத்தனை நாள் பழகினாலும் கடலைத் தெரியாது. அலையில் படகு தூக்கி இறக்கப்படும்போது வயிறு என்ன சொல்லும் என்பதை ஏரி கற்பிக்காது.

*யாருக்கு:* நீச்சல் நம்பிக்கை குறைந்தவர்கள், பிள்ளைகளோடு வருபவர்கள், மே முதல் செப்டம்பர் வரை கொழும்பைவிட்டு நகர முடியாதவர்கள். முதல் நாளுக்கு எங்கள் பொதுவான சிபாரிசும் இதுதான்.

நீர்கொழும்புக் களப்பையும் சிலர் கேட்கிறார்கள். ஆழம் குறைவு, இடம் விசாலம். ஆனால் கடல்வாய்ப் பக்கம் நீரோட்டம் இழுக்கும், மீன்பிடிப் படகுகளும் வலைகளும் நிறைந்த வேலைத்தலம் அது. இடம் தெரிந்த ஆசிரியரோடு தெற்குப் பக்கத்தில் என்றால் சரி.

## 2. பெந்தோட்டை: ஒரு முழு நாள்

அளுத்கமைக்குக் கடற்கரை ரயில், அல்லது தெற்கு அதிவேகப்பாதையில் வெலிப்பென்னை வாசலால் இறங்கலாம். ஆறு, கண்டல் காடு, கழிமுகம், கடல் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் இதுதான் இடைநிலை என்று தோன்றும். ஓரளவுக்கு உண்மையும்கூட. ஆற்றுக்குள் காலையில் பழகிவிட்டு, மணல்திட்டுக்கு உட்புறமாக நின்று கடல் அலை எப்படி உடைகிறது என்று பார்க்கலாம்.

ஆனால் இது நீர்விளையாட்டுச் சந்தை. ஜெட்ஸ்கியும் வாழைப்பழ மிதவையை இழுக்கும் படகுகளும் உங்களை மறந்தே ஓடும். கழிமுகத்தில் மழைக்குப் பிறகு ஆறு வெளியே தள்ளும், கடல் உள்ளே தள்ளும். இரண்டும் முட்டும் இடத்தில் அலை கூர்மையாக, ஒழுங்கில்லாமல் எழும். முதல் நாள்காரர் அந்த இடத்தைத் தாண்டவே கூடாது. ஆற்றின் மேற்பகுதிக்குப் போனால் அமைதி. அங்கேயும் முதலைகள் உண்டு என்பதால் கண்டல் வேருக்குள் மூக்கை நுழைத்துப் படம் எடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

பெந்தோட்டையில் விற்கப்படுவதில் பெரும்பகுதி ஒரு மணித்தியாலக் கயாக் உலா. பழக்குபவர்களும் இருக்கிறார்கள், தேடிப் பிடிக்க வேண்டும். மறைசெலவு: படம் எடுத்துத் தருகிறோம், இன்னொரு சவாரி சேர்த்துக்கொள்ளுங்கள், மதிய உணவு எங்களிடமே என்று சின்னச் சின்னதாக ஏறும் தொகை. குடும்பத்தோடு போனால் கயாக் கட்டணத்தை அது மிஞ்சிவிடலாம்.

*யாருக்கு:* வீட்டில் ஒருவருக்குத்தான் கயாக் ஆசை, மற்றவர்களுக்குக் கடற்கரை வேண்டும் என்றால். கிழமை நாளில் போக முடிந்தால் இன்னும் நல்லது.

## 3. கல்கிசைக் கடல்: மேற்குக் கரையில் நேராக இறங்குவது

டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை. அதற்கு வெளியே வேண்டாம். சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் மே முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடல் புதியவர்களுக்குப் பூட்டிய கதவு. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் உண்டு. தண்ணீரில் துடுப்போடு இருப்பவர்தான் சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள் என்பது நினைவிருக்கட்டும்.

ஜனவரிக் காலையில் இந்தக் கடல் உண்மையாகவே அழகு. விடியலில் நிலக்காற்று மெல்ல வெளியே வீசும், பத்து, பதினொரு மணிக்குக் கடற்காற்று கரைக்குத் திரும்பும். அந்த நடு இடைவெளிதான் வகுப்பு நேரம்.

பிரச்சினை நடுக்கடலில் இல்லை, கரையிலிருந்து கடைசி பத்து மீற்றரில். கூட்டமாக வரும் அலைகளுக்கு ஒரு குணம் உண்டு: சில நிமிடம் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், பிறகு மூன்று, நாலு பெரிய அலை வரிசையாக வரும். இறங்குவதற்கு முன் குறைந்தது பத்து நிமிடம் மணலில் நின்று எண்ணாமல் படகைத் தள்ளுபவரோடு போகாதீர்கள். கரைக்குத் திரும்பும்போது நடப்பது இது: பின்னாலிருந்து அலை தூக்குகிறது, படகு வேகமெடுக்கிறது, மூக்கு பள்ளத்தில் குத்துகிறது, வால் ஒரு பக்கம் சுழல்கிறது, படகு அலைக்குக் குறுக்காகப் படுக்கிறது. இப்போது ஆள் கரைப்பக்கமாக விழுந்தால் 25 கிலோ படகும் அதற்குள் ஏறிய தண்ணீரும் சேர்ந்து அவர் முழங்காலின்மேல் வரும். அதனால்தான் விழுந்தவர் எப்போதும் படகின் கடல்பக்கம் இருக்க வேண்டும், படகுக்கும் கரைக்கும் நடுவே ஒருபோதும் நிற்கக்கூடாது. இந்த ஒரு விதியைக் கரையிலேயே மூன்று முறை சொல்லாத ஆசிரியருக்குக் கடல் வகுப்பு நடத்தத் தகுதியில்லை.

முதலைக் கேள்வி இங்கேயும் வரும். 2022 ஜனவரியில் வெள்ளவத்தை, தெகிவளைக் கடற்பரப்பில் முதலை தென்பட்டதை இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கால்வாய் கடலில் சேரும் இடங்களைத் தவிர்த்து இறங்குவதற்கு அழுக்குத் தண்ணீர் மட்டுமே காரணம் அல்ல.

மறைசெலவு குறைவு: ரயிலில் வந்துவிடலாம். ஆனால் நாள் கைவிட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். நேற்று நன்றாக இருந்த கடல் இன்று இராது. வகுப்பு ரத்தானால் வேறு திகதி தருவார்களா, பணம் தருவார்களா என்று முற்பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

*யாருக்கு:* கடலில் நீந்திப் பழகியவர், ஏரியில் ஒரு நாளாவது துடுப்புப் போட்டவர், இரண்டு மூன்று காலையை ஒதுக்கி வைத்துக் கடல் தரும் நாளை எடுத்துக்கொள்ளக்கூடியவர்.

## 4. பாசிக்குடாவும் திருகோணமலையும்: நீண்ட வார இறுதி

மேற்கு மூடும்போது கிழக்கு திறக்கும். மே முதல் செப்டம்பர் வரை கிழக்கில் அலை அடங்கியிருக்கும். வாடைக் (வடகிழக்குப் பருவக்காற்று) காலத்தில், முக்கியமாக நவம்பர் முதல் பெப்ரவரி வரை, அங்கே போகாதீர்கள்.

பாசிக்குடா வளைகுடா ஆரம்பப் பாடத்துக்கென்றே செய்த தொட்டி மாதிரி. வெகுதூரம் நடந்துபோனாலும் இடுப்பளவுதான் தண்ணீர். கவிழ்த்துப் பழகும்போது கால் தரையில் படும் என்ற நினைப்பே பாதிப் பயத்தைப் போக்கும். ஏரியைப் போலக் கலங்கலும் இல்லை, கீழே மணல் தெரியும். தமிழில் பழக்கும் ஆளும் கிடைப்பார். இது சின்ன விடயம் இல்லை என்று மேலேயே சொன்னோம். உப்புவெளியும் நிலாவெளியும் இதைவிடத் திறந்த கடல், ஆனால் சீசனில் சாந்தமானவை.

இங்கேதான் மிகவும் ஏமாற்றும் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சோளகப் பருவத்தில் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. நாட்டைக் கடந்து சூடாகி, கச்சான் எனப்படும் மேல்காற்றாகக் கிழக்குக் கரையைத் தாண்டிக் கடலுக்குள் போகிறது. கரையோரம் அலையே இல்லை, தண்ணீர் பளபளக்கிறது, யாருக்கும் பயம் வராது. 200 மீற்றர் உள்ளே போனதும் நிலத்தின் மறைப்பு விலகிக் காற்று முதுகில் பிடிக்கும். போவது சுகமாக இருக்கும். 'நமக்கு நன்றாக வருகிறதே' என்று நினைத்துக்கொண்டே ஒரு கிலோமீற்றர் போய்விட்டுத் திரும்பினால் அதே காற்று முகத்தில். அங்கே துடுப்பை நிறுத்திய ஒவ்வொரு நிமிடமும் படகு வங்காள விரிகுடாவை நோக்கித்தான் போகும்.

நிலாவெளியிலிருந்து புறாத்தீவு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான். கைக்கெட்டும் தூரத்தில் தெரிவதால் முதல் நாளிலேயே போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போகக்கூடாது. கச்சான் நாளில் போவது 15 நிமிடம், வருவது யாருடைய இயந்திரப் படகில் என்பதுதான் கேள்வி. எளிய வழி: முதலில் காற்றுக்கு எதிராகக் கொஞ்சம் போய்ப் பாருங்கள், பிறகுதான் காற்றோடு. எப்போதும் கரைக்கு இணையாக, கழுத்தளவு ஆழத்துக்கு உள்ளேயே இருங்கள்.

மறைசெலவில் இதுதான் முதலிடம். ஒரு மூன்று மணித்தியால வகுப்புக்கு இரண்டு இரவு தங்கல், ஏறக்குறைய 300 கிலோமீற்றர் போக, அதே தூரம் வர. கொழும்பு கோட்டையிலிருந்து மட்டக்களப்பு ரயிலில் வாழைச்சேனையில் இறங்கலாம். போயா (பௌர்ணமி) விடுமுறை சேர்ந்த வார இறுதிகளில் ஆசனம் முன்கூட்டியே தீர்ந்துவிடும். இரவு முழுக்கத் தூங்காமல் வந்து காலை ஏழு மணிக்குத் தண்ணீரில் இறங்குவது வீண். முதல் நாள் ஓய்வு, இரண்டாம் நாள் காலை வகுப்பு, மூன்றாம் நாள் காலை தனியாகப் பயிற்சி என்றால்தான் செலவுக்குப் பெறுமதி.

*யாருக்கு:* சோளகக் காலத்தில் உப்புநீரிலேயே தொடங்க விரும்புபவர்கள், மூன்று நாள் உள்ளவர்கள், தமிழிலேயே பழக விரும்புபவர்கள்.

## ஒரு பார்வையில்

| | பொல்கொடை | பெந்தோட்டை | கல்கிசைக் கடல் | பாசிக்குடா / திருகோணமலை |
|---|---|---|---|---|
| நல்ல மாதம் | ஆண்டு முழுவதும், பெருமழை நாள் தவிர | டிசம்பர்–மார்ச். ஆற்றுக்குள் மற்ற மாதமும் | டிசம்பர் நடு–மார்ச் | மே–செப்டம்பர் |
| தேவைப்படும் நேரம் | அரை நாள் | ஒரு நாள் | ஒரு காலை, மாற்று நாளும் வேண்டும் | 3 நாள் |
| முக்கிய ஆபத்து | வேகப்படகு, அழுக்குநீர் | ஜெட்ஸ்கி, கழிமுகம் | கரையில் உடையும் அலை | கடலுக்குள் தள்ளும் காற்று |
| கவிழ்த்துப் பழக | நல்லது | கேட்டால் நடக்கும் | உடையும் அலைக்கு அப்பால் மட்டும் | மிக நல்லது |
| மறைசெலவு | மிகக் குறைவு | கூடுதல் சவாரிகள் | ரத்தாகும் நாள் | தங்கல், பயணம், லீவு |

## எந்தப் படகு தருகிறார்கள்?

இடத்தைப் போலவே இதுவும் ஒரு தெரிவு. மேலே உட்காரும் திறந்த கயாக் 3 மீற்றர் சொச்ச நீளம், 75 சென்ரிமீற்றர் அளவு அகலம். ஏறும் தண்ணீர் அடித்துளைகளால் தானாக வடியும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு வயிற்றால் ஊர்ந்து ஏறலாம். இலங்கையில் பெரும்பாலும் கிடைப்பது இதுதான், முதல் நாளுக்கு இதுவே சரி.

உள்ளே கால் நீட்டி உட்காரும் கடல் கயாக் 5 மீற்றர் சொச்சம் வரை நீளும், அகலம் 60 சென்ரிமீற்றருக்குள். நேராக, வேகமாகப் போகும், ஆட்டமும் அதிகம். முன்னும் பின்னும் தடுப்புச் சுவரும் காற்றறையும் இருக்க வேண்டும். அவை இல்லாத, உள்ளே உட்காரும் மலிவுப் படகைக் கடலுக்குக் கொண்டுவந்தால் மறுத்துவிடுங்கள்; ஒருமுறை நிரம்பினால் நூற்றுக்கணக்கான லீற்றரோடு கல்லாகக் கிடக்கும், நடுநீரில் இறைக்க முடியாது.

இடுப்பைச் சுற்றி மூடும் பாவாடை போட்டால் வெளியேறும் ஒழுங்கு கைக்கு வர வேண்டும்: தலைகீழானதும் *முன்னுக்குக்* குனி, பாவாடையின் முன் வளையத்தைப் பிடித்து முதலில் முன்னே தள்ளிப் பிறகு மேலே இழு, இரு கையாலும் இடுப்புப் பக்கத்து விளிம்பைத் தள்ளி வெளியே வா. ஐந்து விநாடி வேலை. சிக்குவது இரண்டு காரணத்தால்: பயத்தில் பின்னுக்குச் சாய்வதால் தொடை விளிம்பில் பூட்டிக்கொள்கிறது, அல்லது இறங்கும்போதே வளையத்தைப் பாவாடைக்குள் மடித்துவிட்டதால் கைக்கு அகப்படுவதில்லை. இரண்டையும் கரையில் கண்ணை மூடிக்கொண்டு பழகலாம்.

இருவர் படகு கணவன் மனைவிக்குச் செலவு மிச்சம் போலத் தெரியும். ஆனால் பின்னால் இருப்பவர்தான் திருப்புவார், முன்னால் இருப்பவர் அன்று ஒன்றும் பழகுவதில்லை. பிள்ளையோடு போக மட்டும் அதை எடுங்கள்.

எதை எடுத்தாலும் உயிர்காப்பு அங்கியின் பட்டிகளைப் பூட்டியபின் தோள்ப்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதைத் தொட்டால் அது உங்கள் அளவல்ல. ஜீன்ஸும் பருத்திச் சல்வாரும் நனைந்தால் பாரம், துப்பட்டா சிக்கும். முழுக்கை நீச்சல் சட்டை, இறுக்கமான கால்சட்டை, குதிகால் பட்டி உள்ள செருப்பு, கயிறு கட்டிய தொப்பி, ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். கண்ணாடி போடுபவர்கள் அதற்கும் ஒரு கயிறு.

## பணம் கட்டும் முன் தொலைபேசியில்

ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஏரியில் ஆறு, கடலில் நாலு என்பதற்கு மேல் என்றால் யோசிக்க வேண்டும். படகு தாங்கும் எடையைக் கேளுங்கள். ஒருவர் படகுகள் பல 100 முதல் 120 கிலோவோடு நிற்கும். வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பிரதேசத்துக்கு எச்சரிக்கை விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கடைசியாக, "எங்களைத் தண்ணீரில் விழுத்திப் பழக்குவீர்களா?" என்று கேளுங்கள். "பயப்படாதீங்க, எங்கட படகு கவிழாது" என்று பதில் வந்தால், நன்றி சொல்லி வைத்துவிட்டு அடுத்த இலக்கத்துக்கு எடுங்கள்.